ஏட்டம்மா வீட்டு மருந்து

டாக்டர் பென்னி அந்த வார்த்தையைச் சொன்னதும் ஜெயசித்ரா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"சார், நான் போலீசு. தென்காசியில ஏட்டு. உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்மா. உக்காருங்க."

"போன மாசம்தான் கடையத்துப் பக்கம் ரெண்டு பேரக் கஞ்சாவோட பிடிச்சோம். பிடிச்ச சரக்குக்கு மகஜர் எழுதினதே நான்தான். நீங்க என்னடான்னா எம்புள்ளைக்கு அதையே மருந்துங்கீங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திருநெல்வேலியில் நரம்பியல் பார்க்கிறவர். ஒன்பது வருஷமாக இந்தக் குடும்பத்தைத் தெரியும். ஜெயசித்ரா கோபப்பட்டால் அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

"அந்தச் செடியில நூத்துக்கும் மேல சரக்கு இருக்கும்மா. போதை தருதது ஒண்ணு. அது இவளுக்கு ஆகாது. நான் சொல்லுதது வேற ஒண்ணு, கேனபிடியால்னு பேரு. அத மட்டும் தனியா பிரிச்சு, சுத்தம் பண்ணி, சொட்டுக்கு இவ்வளவுனு அளந்து மருந்தா தயார் பண்ணுதாங்க. இதுல போதை கிடையாது. இவளுக்கு இருக்குத மாதிரி வலிப்புக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க, குறைஞ்சிருக்கு. எல்லாருக்கும் குறையும்னு சொல்ல மாட்டேன்."

இசக்கிச்செல்வி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யம்மா, உக்காரேன். கை வலிக்கி."

செல்விக்குப் பதினாறு வயது. மூன்று வயதில் காய்ச்சலோடு வந்த வலிப்பு, ஆறு வயதுக்குப் பிறகு வேறு விதமாக மாறியது. நின்றுகொண்டிருப்பாள், யாரோ காலை வாரிவிட்ட மாதிரி மடாரென்று விழுவாள். கையை ஊன்ற நேரமிருக்காது. மோவாயில் தையல், புருவத்தில் தையல், முன்பல்லில் பாதி இல்லை. மாதத்துக்கு நாற்பது தடவை விழுந்துகொண்டிருந்தாள். ஜெயசித்ரா இதைக் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. ஸ்டேஷனில் ஜெனரல் டைரி எழுதிப் பழகிய கை என்பதால், மகள் விழுகிற ஒவ்வொரு தடவையும் தேதி, மணி, எத்தனை நிமிஷம், எங்கே அடி என்று நோட்டுப் போட்டு எழுதி வந்தாள்.

பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. விழுந்து ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று அங்கே கேட்டுவிட்டார்கள். மாத்திரைகள் ஏழு விதம் மாறியிருந்தன. ஒன்றில் தூங்கித் தூங்கி வழிந்தாள், ஒன்றில் முடி கொட்டியது, ஒன்றுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனது. வலிப்பு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வாள் ஜெயசித்ரா. பொறுக்க முடியாதது ஜனங்களின் யோசனை. பிள்ளை பஸ் ஸ்டாண்டில் விழுந்தால் நான்கு பேர் சாவிக்கொத்தோடு ஓடிவருவார்கள். "இரும்ப வையுங்க, இரும்ப வையுங்க" என்று கத்துவார்கள். இவள், "ஒருச்சாய்ச்சுப் படுக்க வச்சா போதும், தள்ளுங்கய்யா" என்று லத்தியை ஓங்காத குறையாக விரட்டுவாள். புருஷனின் அக்கா மாரித்தாய்க்கோ ஒரே முடிவுதான். "கல்யாணம் முடிச்சு வச்சா எல்லாம் சரியாயிரும் சித்ரா." செல்விக்குப் பத்து வயதானதிலிருந்து இதைச் சொல்லி வருகிறாள்.

வேறு வழியில்லாமல் சம்மதித்து, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு தென்காசியில் மூன்று மெடிக்கல் கடை ஏறி இறங்கினாள். முதல் கடைக்காரர் பெயரைப் படித்துவிட்டு, "இதெல்லாம் நாங்க விக்கிறதில்ல மேடம், நாங்க நியாயமா யாவாரம் பண்ணுதோம்" என்றார், அவள் ஏதோ ரெய்டுக்கு வந்தவள் போல. இரண்டாவது கடைக்காரர் சீட்டையே கையில் வாங்கவில்லை. காக்கி உடுப்பில் போனது தப்போ என்று மறுநாள் சுடிதாரில் மூன்றாவது கடைக்குப் போனாள். அங்கே இருந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஸ்டேஷன்ல சொல்லிருவேன்" என்று மிரட்டினார்.

"நான்தான்யா ஸ்டேஷன்!" என்று கத்திவிட்டு வெளியே வந்தாள்.

கடைசியில் உதவியது ஹஸீபா. பெரிய கோயில் பக்கத்துத் தெரு மெடிக்கல் கடையில் மருந்தாளுநராக இருக்கிறவள். சீட்டை வாங்கி முழுதாகப் படித்தாள். டாக்டரின் பதிவு எண்ணைப் பார்த்தாள். செல்போனில் ஏதோ தேடினாள்.

"இது கிடைக்கும்க்கா. எங்க மொத்த ஏஜென்சி சென்னையில இருந்து வரவழைக்கணும். டாக்டர் சீட்டு, பழைய ரிப்போர்ட்டு, பிள்ளையோட ஆதார், எல்லாத்துலயும் ஒரு காப்பி தாங்க. கொஞ்ச நாள் பிடிக்கும்."

"கொஞ்ச நாள்னா?"

"அஞ்சு வாரம் ஆகும்."

ஐந்து வாரம் என்றால் ஜூன் நடு. அதற்குள் சீசன் தொடங்கிவிடும். சீசன் வந்தால் குற்றாலத்தில் டியூட்டி. விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பி வடகரையிலிருந்து ஸ்கூட்டரில் போக வேண்டும். வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும் என்பதால் இரண்டு நேர மாத்திரையையும் கொடுப்பது அந்த மாதங்களில் குற்றாலிங்கத்தின் வேலை.

குற்றாலிங்கம் அவள் புருஷன். வடகரையில் தென்னந்தோப்பு பார்க்கிறவர். குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை, மகளுக்குத் தலைவாரிப் பின்னல் போட்டுவிடுகிற மனிதர். அவரிடம் ஒரே ஒரு குறை, யார் எதைச் சொன்னாலும் நம்புவார். தேங்காய் ஏற்ற வந்த லாரிக்காரன் சொன்னான் என்று ஒரு வருஷம் வீட்டைச் சுற்றி வேலிக்கு மஞ்சள் துணி கட்டினார். ஜெயசித்ரா ஒவ்வொன்றாக அவிழ்த்து எறிந்தாள்.

கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்து என்று அவள் சொன்னபோது அவர் அதிகம் கேட்கவில்லை. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் கேள்வி கேட்காவிட்டால் தலைக்குள் ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

ஜூன் இரண்டாம் வாரம் சாரல் பிடித்துக்கொண்டது. ஐந்தருவியில் அவளுக்கு டியூட்டி. ஒரு நாள் மத்தியானம் மலையில் மழை கொட்டித் தண்ணீர் செந்நிறமாகத் திரும்பியது. குளிக்கிறவர்களை வெளியேற்ற விசில் அடித்து விசில் அடித்துத் தொண்டையும் காதும் போயின. ஒரு குடும்பம் மட்டும் "இன்னும் ரெண்டு நிமிஷம் மேடம், எண்ணெய் போகல" என்று தலையைத் தேய்த்துக்கொண்டே நின்றது. அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டு, நனைந்த உடுப்போடு அன்றைக்கு மூன்று மணிக்கே வீடு வந்து சேர்ந்தாள்.

வாசலில் காலை வைத்ததும் நின்றாள்.

ஸ்டேஷனில் பிடிபட்ட சரக்கு வைக்கிற அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் ஒரு வாடை உண்டு. பச்சையும் புகையும் கலந்த மாதிரி. அதே வாடை அவள் வீட்டுக்குள்ளிருந்து வந்தது, காய்ச்சிய நல்லெண்ணெய் வாடையும் சேர்ந்து.

"ஏங்க, வீட்டுக்குள்ள என்ன வாடை?"

குற்றாலிங்கம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன வாடை? தேங்காயெண்ணெயா இருக்கும்."

"தென்னந்தோப்புக்காரர் பொண்டாட்டிக்கு தேங்காயெண்ணெ வாடை தெரியாதா?"

அவள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தாள். அடுத்தவர் வீட்டில் சோதனை போட்டுப் பழக்கமான கண். அரிசி டிரம்முக்குப் பின்னால், பழைய செய்தித்தாளில் சுற்றி, சின்ன பாட்டில் ஒன்று இருந்தது. லேபிள் இல்லை. மூடியைத் திறந்ததும் மூக்கு சுருங்கியது.

"எங்கன வாங்குனீக?"

"குற்றாலத்துல ஒரு வைத்தியர் சீசனுக்கு லாட்ஜுல ரூம் போட்டு இருக்காரு. தேங்கா எடுக்க வந்தவன் சொன்னான். நீதான டாக்டரே கஞ்சா மருந்துதான்னு சொல்லிட்டாருன்ன. அஞ்சு வாரம் எதுக்குக் காத்துக் கிடக்கணும்னு பாத்தேன். ஒனக்குச் சொன்னா நீ போலீசு..."

"எத்தன நாளா குடுக்கீக?"

"மூணு நாளா. ரெண்டு நேரமும் அஞ்சஞ்சு சொட்டு."

அவளுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. "மாத்திரை?"

அவர் தோள் துண்டை எடுத்து உதறி மடித்தார்.

"மாத்திரையக் கேக்கேன்."

"இங்கிலீசு மருந்தும் இதும் வயித்துக்குள்ள சேரக்கூடாதுன்னு அவரு சொன்னாரு சித்ரா. அதான்..."

"அதான்?"

"நிறுத்தி வச்சிருக்கேன்."

ஒரு நேர மாத்திரை தவறினாலே கைகால் வெட்டும் பிள்ளைக்கு, மூன்று நாள். இந்த மனிதரிடம் பத்து வருஷமாக ஒன்றே ஒன்றைத்தான் சொல்லி வருகிறாள்: என்ன நடந்தாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது. வாயைத் திறந்தபோது உள்ளே பாத்திரம் உருண்டது.

செல்வி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தாள். இந்தத் தடவை வழக்கமான விழுதல் இல்லை. உடம்பு முழுதும் விறைத்து, பிறகு வெட்டத் தொடங்கியது. ஜெயசித்ரா அவளை ஒருச்சாய்த்துப் படுக்க வைத்து மணியைப் பார்த்தாள். மூன்று நிமிஷம். ஐந்து நிமிஷம். அவசரத்துக்கு வைத்திருந்த மூக்கு ஸ்பிரேயை அடித்தாள். நிற்கவில்லை. குற்றாலிங்கம் "ஆத்தா, ஆத்தா" என்று மகளின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அழாதீக! போயி அடுத்த வீட்டுக் காரக் கொண்டாங்க!"

தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை வெட்டு விட்டுவிட்டு வந்தது. அவசரப் பிரிவில் ஜெனி என்கிற இளம் டாக்டர் இருந்தாள். ஊசி போட்டுக்கொண்டே கேட்டாள்: "புதுசா எதாவது குடுத்தீங்களா? நாட்டு மருந்து, எதாவது?"

குற்றாலிங்கம் பொண்டாட்டி முகத்தைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. ஜெயசித்ரா உடுப்புப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"கஞ்சா எண்ணெய் டாக்டர். மூணு நாளா, நாளுக்குப் பத்துச் சொட்டு. மூணு நாளா வலிப்பு மாத்திரை ஒண்ணுகூட குடுக்கல. எழுதிக்கிடுங்க."

மறுநாள் காலையில்தான் செல்வி கண்ணைத் திறந்தாள். "பசிக்கி" என்றாள். குற்றாலிங்கம் இட்லி வாங்க ஓடினார். ஜெயசித்ரா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து நிமிஷம் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்டிலிருந்து பிரின்ஸ் நின்றிருந்தான். அவளுக்கு ஜூனியர் கான்ஸ்டபிள். கையில் டாக்டர் அனுப்பிய தகவல் தாள்.

"அக்கா, இத நான் என்னத்தன்னு எழுத?"

"நடந்தத எழுதுலே."

"உங்க வீட்டு அட்ரஸ்லாக்கா வரும்?"

"எங்க வீட்டுல நடந்தா எங்க வீட்டு அட்ரஸ்தான் வரும். எழுது."

இன்ஸ்பெக்டர் அன்றைக்கே கூப்பிட்டுவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் தன் ஸ்டேஷனில் தலைவலி வருவதைப் பொறுக்கமாட்டார்.

"ஏம்மா, டாக்டர்கிட்ட ஏதோ நாட்டு மருந்துன்னு சொல்லிருந்தா முடிஞ்சு போயிருக்கும்லா?"

"டாக்டர்கிட்ட பொய் சொல்லியிருந்தா எம்புள்ள முடிஞ்சு போயிருப்பா ஐயா."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். புருஷனிடம் கேட்டு வைத்திருந்த லாட்ஜ் பெயர், அறை எண், ஆள் அடையாளம் எல்லாவற்றையும் ஜெயசித்ரா தானே சொன்னாள். புருஷனைக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்து வாக்குமூலம் கொடுக்க வைத்தாள். ஒரு டீம் போனது. அறையில் இன்னும் இரண்டு டஜன் பாட்டில் இருந்தன. சர்க்கரைக்கு, ஆஸ்துமாவுக்கு, குழந்தைப்பேறுக்கு என்று எல்லாவற்றுக்கும் அதே எண்ணெய். வைத்தியர் ரிமாண்டுக்குப் போனார். குற்றாலிங்கம் சாட்சி ஆனார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இரண்டு வாரத்தில் ஜெயசித்ராவுக்கு ஒரு மெமோ வந்தது. தலைமைக் காவலர் வீட்டில் போதைப் பொருள் இருந்தது எப்படி, ஏழு நாளில் விளக்கம் தரவும்.

அவள் நான்கு பக்கம் எழுதினாள். டாக்டர் பென்னியின் சீட்டையும் இணைத்தாள். மேல் அலுவலகத்துக் கிளார்க் அதைப் படித்துவிட்டு போன் செய்தார்.

"மேடம், டாக்டரே கஞ்சா எழுதிக் குடுத்திருக்காரு. அப்ப அந்த வைத்தியர ஏன் பிடிச்சீங்க?"

"சார், இது வேற, அது வேற."

"ரெண்டும் ஒரே செடினு நீங்களே எழுதிருக்கீங்களே."

"சார், பனையில இருந்து கருப்பட்டியும் வருது, கள்ளும் வருது. கருப்பட்டிக் காப்பி குடிச்சவன் மேல குடிகாரன்னு கேசு போடுவீங்களா?"

"இத எழுத்துல குடுங்க மேடம்" என்றார் அவர். அவள் ஐந்தாவது பக்கம் எழுதினாள்.

இதற்கு நடுவில் ஹஸீபா போன் செய்தாள். மருந்து வந்துவிட்டது. சொன்ன நாளுக்கு மேல் மூன்று வாரம் தாமதம். ஹஸீபா அதை இரண்டு பேப்பரில் சுற்றி, அதன்மேல் கறுப்புக் கவர் போட்டுக் கொடுத்தாள்.

"ஏம்மா இதப் போயி இப்படிச் சுத்துத?"

"யாராச்சும் பாத்தா உங்களத் தப்பா நினைச்சிருவாங்கன்னுதான்க்கா."

"பாக்கட்டும். பில்லோட தா. கவரு வேண்டாம்." பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மருந்தைக் காலையும் மாலையும் ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து வாயில் விட வேண்டும். பழைய மாத்திரைகள் எதையும் நிறுத்தக்கூடாது. டாக்டர் பென்னி இதை மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் குற்றாலிங்கத்தின் முகத்தைப் பார்த்தே சொன்னார். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. வயிற்றுப்போக்கு வந்தது. சோறு இறங்கவில்லை. எந்நேரமும் தூங்கினாள். பழைய மாத்திரை ஒன்றோடு இது சேர்ந்தால் தூக்கம் கூடும் என்று அந்த மாத்திரையை டாக்டர் குறைத்தார். மாதாமாதம் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை. "இது என்ன மருந்து, ஒண்ணும் மாறலியே" என்று குற்றாலிங்கம் முனகியபோது, "நீங்க வாயத் திறக்கப்பிடாது" என்றாள் ஜெயசித்ரா.

விழுந்த கணக்கு ஆகஸ்டில் இருபத்தாறு. செப்டம்பரில் பதினேழு. அக்டோபரில் பதினொன்று. நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது டாக்டர் பென்னி சிரித்தார், உடனே அடக்கிக்கொண்டார். "முழுசா நிக்கும்னு நம்பாதீங்கம்மா. இந்த அளவு வந்ததே பெருசு."

முழுசாக நிற்காது என்று அவளுக்கும் தெரியும். தீபாவளி அன்றைக்கு வாசலில் விழுந்து நெற்றியில் அடி. ஆனால் நாள் கணக்கில் பிள்ளை விழாமல் இருந்தாள். அப்படி இருந்த நாட்களில் பேசினாள், கேள்வி கேட்டாள், அடுக்களையில் புகுந்து எதையாவது கிண்டினாள்.

ஊருக்குள் செய்தி வேறு மாதிரி பரவியிருந்தது. ஏட்டம்மா ஸ்டேஷன் கஞ்சாவை எடுத்துவந்து பிள்ளைக்குக் கொடுக்கிறாளாம். முதலில் சொல்லித் திரிந்ததே மாரித்தாய்தான் என்று ஜெயசித்ராவுக்குத் தெரியும். அந்த மாரித்தாயே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழங்காலைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"சித்ரா, அந்த எண்ணெய எனக்கும் ரெண்டு சொட்டு குடேன். மூட்டு ரொம்பக் குத்துது."

"மதினி, அது வலிப்பு மருந்து."

"ஒரு செடிதானட்டி? எனக்குத் தந்தா குறைஞ்சா போயிரும்?"

ஜெயசித்ரா தலையில் கைவைத்துக்கொண்டாள். உள்ளே செல்வி வாயைப் பொத்திச் சிரிப்பது கேட்டது.

நவம்பரில் புதுத் தலைவலி தொடங்கியது. செல்விக்குப் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுத வேண்டுமாம். தென்காசியில் ஒரு டுடோரியல் பார்த்து வைத்திருந்தாள், யாரிடமும் கேட்காமல் போனில் பேசி. பஸ்ஸில் தனியாகப் போய் வருவேன் என்றாள்.

"தனியாவா? ரோட்டுல விழுந்தா?"

"விழுந்தா எந்திரிப்பேன். இத்தன வருசம் யாரு எந்திரிச்சா?"

மூன்று நாள் சண்டை. தட்டு பறந்தது. கடைசியில், அப்பா கூடப் போவார், ஆனால் பக்கத்தில் உட்காரமாட்டார், இரண்டு சீட் தள்ளி உட்காருவார் என்று முடிவானது. வாத்தியாரிடம் வலிப்பைப் பற்றி ஜெயசித்ரா நேரில் சொல்லி, என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று எழுதியும் கொடுத்தாள். சாவிக்கொத்தைப் பற்றித் தனியாக அடிக்கோடு போட்டாள்.

முதல் நாள் பத்தரை மணிக்கு, அவள் ஐயப்ப பக்தர் கூட்டத்துக்கான டியூட்டியில் மெயின் அருவி பக்கம் நின்றுகொண்டிருந்தபோது குற்றாலிங்கத்திடமிருந்து போன்.

"சித்ரா, புள்ளையக் காணும்."

"என்னது?"

"ஒரு நிமிசம் கண்ண மூடிட்டேன். முழிச்சுப் பாத்தா சீட்டுல இல்ல."

"இப்ப எங்கன இருக்கீக?"

"சுரண்டையில."

தென்காசியைத் தாண்டிப் பல மைல் போயிருந்தார். ஜெயசித்ரா டுடோரியலுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. செல்வியின் நம்பருக்குப் போட்டாள். நான்காவது தடவை எடுத்தாள்.

"யம்மா, கணக்கு வகுப்பு நடக்கு. பொறவு பேசுதேன்."

"அப்பாவ விட்டுட்டு எறங்கிட்டியாட்டி?"

"எழுப்புனேன், எந்திரிக்கல. ஸ்டாப்பு வந்துட்டு, நான் எறங்கிட்டேன். வைக்கேன்."

போன் துண்டிக்கப்பட்டது. ஜெயசித்ரா புருஷனுக்குப் போட்டு, அங்கேயே நிற்கச் சொல்லி, அடுத்த பஸ்ஸில் தென்காசி வரச் சொல்லி, வரும்போது தூங்கினால் இறங்குகிற இடத்திலேயே லாக்கப் என்று சொல்லி வைத்தாள். தடுப்புக் கம்பியைத் தாண்டி ஒருவன் செல்ஃபி எடுக்கப் போய்க்கொண்டிருந்தான். விசிலை வாயில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்து நடந்தாள்.